அம்மாவின் வெள்ளிக் கணக்கு

ஈசூனில் எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் ஆனதும் அம்மா கேட்பார்: “சிங்கப்பூருக்கு எப்பப் போறோம்?”

முதல் முறை இதைக் கேட்டபோது என் மனைவி திகைத்துப்போனாள். “அத்தை, நாம இருக்கிறதே சிங்கப்பூர்தானே?” அம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவருக்கு ஈசூன் என்பது மகன் வீடு. சிங்கப்பூர் என்றால் தேக்கா, சிராங்கூன் சாலைப் பக்கம் இந்தியக் கடைகள் நிறைந்த இடம். அதுவும் எல்லா நாளும் இருக்கிற தேக்கா இல்லை. தீபாவளிக்கு இரண்டு மூன்று வாரம் முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை, காலையிலிருந்து இரவு ரயில் கிளம்பும்வரை மட்டும் திறந்திருக்கும் ஓர் ஊர்.

நாங்கள் மலேசியாவில், ஜோகூர் மாநிலத்துக் குளுவாங் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்காரர்கள். அம்மா பால்மரம் வெட்டினார். அப்பாவுக்கு ஸ்டோரில், அதாவது பாலை ஷீட்டாக்கிப் புகை போடும் இடத்தில், வேலை. அக்கா, நான், தம்பி என்று மூன்று பிள்ளைகள். 1980-லிருந்து 1991 வரை, அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போன ஒரு வருடம் தவிர, ஒவ்வொரு வருடமும் ஒரு நாள் சிங்கப்பூர் போய் வந்தோம். ஜோகூரில் அப்போது பள்ளிக்கூடங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. சிங்கப்பூருக்கோ அது வேலை நாள். கடைகளில் கூட்டம் குறைவாக இருக்கும், பேரம் பேச நேரம் கிடைக்கும் என்பது அம்மாவின் கணிப்பு. அன்று இரண்டு பேருக்கும் தோட்டத்தில் பேர் விழாது, ஒரு நாள் கூலி போகும். அந்தக் கூலியையும் அம்மா பயணச் செலவில்தான் எழுதுவார். ரயில் டிக்கெட் இவ்வளவு, சாப்பாடு இவ்வளவு, போகாத வேலை இவ்வளவு. வணிகப் படிப்பில் இதற்கு ஏதோ பெயர் இருக்கிறதாம், என் மகள் சொன்னாள். அம்மா ஆறாம் வகுப்பைத் தாண்டாதவர்.

வியாழன் ராத்திரி யாரும் சரியாகத் தூங்குவதில்லை. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ஒருவர் பழைய மோரிஸ் மைனர் கார் வைத்திருந்தார். அதில் ஐந்து பேரும் ஒரு புளிச்சோற்றுத் தூக்கும் ஏறி, இருட்டோடு இருட்டாக ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்வோம். கோலாலம்பூரிலிருந்து இரவெல்லாம் ஓடி வரும் மெயில் விடியுமுன் அங்கே நிற்கும். குளுவாங் ஸ்டேஷனில் 1938-லிருந்து இருக்கும் காப்பிக் கடை இன்றைக்கு ரொம்பப் பிரபலம். அந்தக் காப்பிக்காகவே சிங்கப்பூரிலிருந்து காரோட்டிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. நாங்கள் ரயிலேறும் நேரத்தில் அது திறந்திருந்ததில்லை, நடுராத்திரி இறங்கும்போதும் மூடித்தான் கிடக்கும். பிறந்து வளர்ந்த ஊரின் காப்பியை நான் முதன்முதலில் குடித்தது முப்பது வயதுக்கு மேல், சிங்கப்பூர் நண்பர்கள் நான்கு பேரோடு, அவர்கள் வழி காட்ட.

மூன்றாம் வகுப்புப் பெட்டியில் கோலாலம்பூர்ச் சனம் கால்களை நீட்டித் தூங்கிக்கொண்டிருக்கும். அவர்களைத் தாண்டித் தாண்டி இடம் பிடிக்க வேண்டும். ரெங்கம், லாயாங் லாயாங், கூலாய், கெம்பாஸ் பாரு. லாயாங் லாயாங் என்றால் மலாயில் காற்றாடி. தம்பி வருடா வருடம் அங்கே கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு காற்றாடி தேடுவான். வெளியே இருட்டும் ரப்பர் மரமும்தான். எங்கள் தோட்டத்தில் என்ன இருந்ததோ அதேதான் இரண்டு மணி நேரமும் ஜன்னலில் ஓடும்.

பாலத்தில் ஏறும்போது அப்பா எங்களை எழுப்புவார். ஜோகூர் கடற்பாலம் ஒரு கிலோமீட்டரும் கொஞ்சமும்தான். 1923-லேயே அதன் மேல் சரக்கு ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. அப்பாவுக்குக் கடல் முக்கியமில்லை, பாலத்தை ஒட்டிப் போகும் தடித்த குழாய்கள்தான். “பாத்துக்கங்க, நம்ம தண்ணிதான் அங்க போகுது.” ஏதோ அவர் வீட்டுக் கிணற்றிலிருந்து இறைத்து அனுப்பியது போல ஒரு பெருமை. அதற்குப் பிறகு சிங்கப்பூரில் எதைப் பார்த்து நாங்கள் வாயைப் பிளந்தாலும், “எல்லாம் நம்ம தண்ணி குடிச்சு வளந்ததுதான்” என்பார்.

ரயில் எந்த ஊருக்குள்ளும் புழக்கடை வழியாகத்தான் நுழையும் என்று நினைக்கிறேன். சிங்கப்பூரும் அப்படித்தான் எங்களுக்கு முதலில் முதுகைக் காட்டியது. வாழைத் தோப்பு, காயும் துணி, யாரோ வீட்டுச் சேவல். புக்கிட் தீமா ஸ்டேஷனில் ரயில் வேகம் குறைந்து, ஓட்டுநர் ஒரு பெரிய வளையத்தைக் கொடுத்து இன்னொன்றை வாங்கிக்கொள்வார். ஒற்றைத் தண்டவாளம், எதிரே வேறு ரயில் வந்துவிடக் கூடாது. வளையத்தோடு தொங்கும் பையில் உள்ள சாவியை வைத்திருப்பவருக்குத்தான் அந்தத் துண்டுப் பாதையில் ஓட உரிமை. கணினியில் இந்த நாடு எங்கேயோ போய்விட்ட பிறகும், 2011 வரை அங்கே அந்த வளையம் கை மாறிக்கொண்டேதான் இருந்தது.

தஞ்சோங் பகார் ஸ்டேஷனைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. 1932 மே மாதம் திறந்தது. முகப்பில் நான்கு பெரிய வெள்ளைச் சலவைக்கல் உருவங்கள்: வேளாண்மை, வணிகம், போக்குவரத்து, தொழில். ஒவ்வொன்றின் மேலும் ஓர் எழுத்து, எஃப், எம், எஸ், ஆர். பழைய மலாய் நாடுகளின் ரயில்வே பெயர். ஆனால் நாங்கள் நின்று பார்த்தது முகப்பை இல்லை, உள்ளே குடிநுழைவு வரிசை முடிந்து வரும் கூடத்தை. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரத்தில் வளைந்த கூரை. இரண்டு பக்கச் சுவரிலும் பெரிய பெரிய படங்கள். நெல் நடவு, மாட்டு வண்டி, ஈயச் சுரங்கம், தென்னை, கப்பல். அவற்றோடு ஒன்று, ரப்பர் மரம் வெட்டுகிற படம்.

முதல் வருடம் அம்மா அந்தப் படத்துக்குக் கீழே நின்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முந்தின நாள் காலை ஐந்து மணிக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய், நெற்றி விளக்கோடு மரங்களின் நிரையில் இறங்கி, பால் வடியும் மங்கைத் துடைத்து, பால் எடுத்து, தோளில் காண்டாக் கம்பில் சுமந்துவிட்டு வந்தவர். அதைவிட்டு ஒரு நாள் ஓடி வந்த இடத்தில், சுவரில் அதே வேலை. கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இந்தத் தோட்டத்துல கொசு இல்ல போலிருக்கு,” என்றார். நடந்துவிட்டார்.

அந்தப் படங்களே ரப்பரால் ஆனவை, ரப்பரைப் பதப்படுத்தி ஓடு போல ஆக்கிப் பதித்தவை என்பது எனக்கு வெகு காலம் கழித்துத்தான் தெரியும். போனில் அம்மாவிடம் சொன்னேன். “அப்பவே சொல்லிருந்தா தொட்டுப் பாத்திருப்பேன்ல” என்றார். தொடுகிற உயரத்தில் அது இல்லை என்று நான் சொல்லவில்லை.

குடிநுழைவு வரிசை இன்னொரு கதை. மலேசியாக்காரர்களுக்கு அப்போது சிங்கப்பூருக்கு மட்டும் செல்லும் ஒரு பாஸ்போர்ட் இருந்தது. அதைத்தான் வைத்திருந்தோம், உலகத்தில் வேறெங்கும் போகிற யோசனை எங்களுக்கு இல்லை. பிள்ளைகள் பெயர் அம்மாவின் புத்தகத்தில். அதிகாரி மலாயில் “பெராப்பா ஹாரி?” என்பார், எத்தனை நாள் என்று. அப்பா ஒரு விரலைக் காட்டி “சத்து ஹாரி” என்பார். ஒரு நாள். ஒவ்வொரு வருடமும் அந்த அதிகாரி ஒரு தடவை நிமிர்ந்து எங்கள் ஐந்து பேரையும் பார்ப்பார்.

ஏழு ஏழரைக்கு வந்து இறங்கினால் துணிக்கடை திறக்க இன்னும் நேரமிருக்கும். பஸ் பிடித்து சிராங்கூன் சாலைக்குப் போய் முதலில் வீரமாகாளியம்மன். அம்மா கும்பிடுவார், அப்பா தூணில் சாய்ந்து அரை மணி தூங்குவார். அப்புறம் தேக்கா மார்க்கெட். 1982-இல் புதுக் கட்டடம் கட்டி அதற்கு ‘சூஜியாவ்’ என்று மாண்டரினில் பெயர் வைத்தார்கள். தமிழர்கள் ஒருவர் வாயிலும் அது நுழைந்து நான் கேட்டதில்லை. கடைசியில் 2000-இல் பலகையும் தேக்கா என்றே மாறியது. அங்கே மேசையில் தூக்கைத் திறந்து புளிச்சோறு. எதிர் மேசையில் பிராட்டா பிய்த்துப் போடுவதை நாங்கள் பார்த்துக்கொண்டிருப்போம். எங்கள் ஊரில் அது ரொட்டி சானாய், பாலம் தாண்டினால் பிராட்டா. பெயர் மாறினாலும் எங்களுக்குக் கிடைக்காதது மாறவில்லை.

சரி, அம்மாவைக் கஞ்சம் என்று நினைத்துவிடக் கூடாது. மதியம் கோமள விலாஸ் உண்டு. 1947-லிருந்து இருக்கும் கடை. ஐந்து பேருக்கு மூன்று தோசை, எண்ணி வைத்துப் பங்கு. சட்னி மட்டும் கேட்கக் கேட்க வரும். அதுதான் சிங்கப்பூரின் செழிப்புக்கு எங்களுக்குக் கிடைத்த முதல் அத்தாட்சி.

ஒரு வருடம் மார்க்கெட் கழிப்பறை வாசலில் ஒருவர் மேசை போட்டு உட்கார்ந்து ஆளுக்குப் பத்துக் காசு கேட்டார். “ஒண்ணுக்குப் போகவா காசு?” என்று அம்மா நின்றுவிட்டார். அக்கா கெஞ்ச, இரண்டு பேர் வேலையை ஒரே தடவையில் முடிக்க வழியுண்டா என்று பேரம் வேறு. (நடக்கவில்லை.) இன்னொரு வருடம், சிங்கப்பூரில் கீழே குப்பை போட்டால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று அப்பா மிரட்டியதில், காலையில் தின்ற வாழைப்பழத் தோலைத் தம்பி ராத்திரி வரை கால்சட்டைப் பையில் வைத்திருந்தான். குப்பைத் தொட்டியில் போட்டாலும் குற்றமோ என்ற பயம்.

துணிக்கடைதான் அந்த நாளின் நடு மையம். “வாங்கக்கா, போன வருஷம் வந்தீங்கல்ல” என்று எல்லோரிடமும் சொல்லும் கடைக்காரர் எங்களிடமும் சொல்வார். அம்மா நம்புவார். அம்மாவிடம் பட்டியல் இருக்கும், ஸ்டோர் ரசீதின் பின்பக்கம் எழுதியது: அப்பாவுக்கு வேட்டி, அக்காவுக்குப் பாவாடைத் துணி, எங்களுக்குச் சட்டை, பக்கத்து வீட்டு அக்காள் சொல்லி அனுப்பிய ரவிக்கைத் துண்டு, கடைசி வரியில் தனக்கு ஒரு சேலை. பட்டியல் மேலிருந்து கீழே போகும், பணமும் அப்படியே போகும். கடைசி வரிக்கு வரும்போது மிச்சம் இருந்தால் சேலை. இந்த நேரத்தில் அப்பா மெல்ல நழுவி சுங்கை ரோட்டுத் திருட்டுச் சந்தைக்குப் போய்விடுவார். பழைய சாமான் தரையில் பரப்பி விற்கும் இடம் அது. 2017-இல்தான் மூடினார்கள். ஒரு வருடம் ரேடியோ ஒன்றை மூட்டை கட்டிக்கொண்டு வந்தார். சந்தையில் பாடியது. குளுவாங்கில் பாடவில்லை. “பாலம் தாண்டினதும் அதுக்கும் ஊமை வந்துடுச்சு” என்று அம்மா பல வருடம் சொல்லிக் காட்டினார்.

இப்போது வெள்ளிக்கு வருகிறேன்.

தமிழில் நாம் சிங்கப்பூர் டாலரையும் வெள்ளி என்கிறோம், மலேசிய ரிங்கிட்டையும் வெள்ளி என்றுதான் பழைய ஆட்கள் சொல்வார்கள். ரிங்கிட் என்ற மலாய்ச் சொல்லுக்கு விளிம்பில் பல் பல்லாக இருப்பது என்று பொருள். ஒரு காலத்தில் இங்கே புழங்கிய ஸ்பானிய வெள்ளிக் காசின் ஓரம் அப்படி இருந்ததால் வந்த பெயர். மலாய்க்காரர் காசின் விளிம்பைப் பார்த்தார், தமிழர் உலோகத்தைப் பார்த்தார். 1973 வரை இரண்டு நாட்டுப் பணமும் ஒன்றுக்கு ஒன்று செல்லும், கடையில் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார்கள். அம்மா கணக்குப் படித்தது அந்தக் காலத்தில்.

நாங்கள் போகத் தொடங்கிய 1980-இலும் வித்தியாசம் சில காசுகள்தான். அப்புறம் ஒவ்வொரு தீபாவளிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக விலகியது. 1990-இல் ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு ஒன்றரை ரிங்கிட். ஸ்டேஷனில் காசு மாற்றும் கடைப் பலகையை அப்பா வாசிப்பார், அம்மா உதட்டைக் கடித்துக்கொள்வார். தோட்டத்துச் சம்பளம் அந்த வேகத்தில் ஏறவில்லை. நாங்கள் வளர வளரச் சட்டைத் துணி அதிகம் வேண்டியிருந்தது, பட்டியலோ சிறுத்துக்கொண்டே வந்தது. முதலில் பக்கத்து வீட்டு ரவிக்கைத் துண்டு போனது. அடுத்து கோமள விலாஸில் மூன்று தோசை இரண்டானது. அக்கா பெரிய மனசாகத் தனக்குத் தோசையே பிடிக்காது என்று அறிவித்தாள். கடைசி இரண்டு வருடம் பட்டியலின் கடைசி வரியை அம்மா எழுதவே இல்லை. 1992-இல், குளுவாங்கிலேயே நல்ல கடை வந்துவிட்டது என்றார். வந்திருந்தது என்னவோ உண்மைதான்.

1997-இல் நான் இங்கே வேலைக்கு வந்தேன். மறு வருடமே பொருளாதார நெருக்கடியில் ஒரு வெள்ளிக்கு இரண்டு ரிங்கிட்டுக்கு மேல் போனது. மாதம் ஒரு தடவை அதே தஞ்சோங் பகாரில் ஏறி ஊருக்குப் போவேன். அப்போதுதான் ஒரு வேடிக்கையைக் கவனித்தேன். ரயில் டிக்கெட்டின் விலை இரண்டு பக்கமும் ஒரே எண். மலேசியாவில் எத்தனை ரிங்கிட்டோ, சிங்கப்பூரில் வாங்கினால் அத்தனை டாலர். விவரம் தெரிந்தவர்கள் பஸ்ஸில் ஜோகூர் பாரு போய் அங்கே ரயிலேறுவார்கள். எனக்கும் விவரம் தெரியும், ஆனாலும் பல தடவை தஞ்சோங் பகாரிலேயே வாங்கினேன். உலகத்தில் என் அம்மாவைத் தவிர இன்னொருவரும் வெள்ளிக்கு வெள்ளி சமம் என்று கணக்குப் போடுகிறாரே என்று இருந்தது. இதைக் கேட்டால் என் மனைவி, அதற்குப் பெயர் சோம்பல் என்பாள்.

1998 ஆகஸ்டிலிருந்து இன்னொரு விசித்திரம். சிங்கப்பூர் தன் குடிநுழைவுச் சோதனையை உட்லண்ட்ஸுக்கு மாற்றிக்கொண்டது, மலேசியா தஞ்சோங் பகாரிலேயே இருந்தது. ஆக, ஊருக்குப் போகிற நான் சிங்கப்பூரின் நடுவில் மலேசியாவுக்குள் நுழைந்துவிடுவேன், அரை மணிக்கு மேல் ரயிலில் ஓடிய பிறகுதான் சிங்கப்பூரை விட்டு வெளியேறுவேன். நடுவில் உள்ள நேரத்தில் நான் எந்த ஊரில் இருந்தேன் என்று இன்றும் எனக்குத் தெளிவில்லை. சொல்லப்போனால் அந்த நேரம் எனக்குப் பிடித்திருந்தது.

2011 ஜூன் 30 இரவு கடைசி ரயிலை ஜோகூர் சுல்தான் ஓட்டிக்கொண்டு போனார். நானும் கூட்டத்தில் நின்றேன். எல்லோரும் கேமராவைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள், எனக்கு முன்னால் இருந்தவரின் முழங்கைதான் எனக்குக் கிடைத்த காட்சி. அங்கிருந்தே அம்மாவுக்குப் போன் செய்தேன். ரயிலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “அந்த மரம் வெட்டுற படத்த என்ன பண்ணப் போறாங்க?” என்றார். கட்டடம் தேசிய நினைவுச்சின்னம், அப்படியேதான் இருக்கும் என்றேன். அதற்கு அடியில் கேண்டன்மெண்ட் எம்ஆர்டி ரயில் நிலையம் கட்டத் தொடங்கியதெல்லாம் பிறகு வந்த கதை. அப்பா அந்த வருடம் உயிரோடு இல்லை.

தண்டவாளத்தைப் பெயர்த்து நடைபாதை ஆக்கிவிட்டார்கள். புக்கிட் தீமாவில் இரும்புப் பாலமும் கொஞ்சம் தண்டவாளமும் விட்டுவைத்திருக்கிறார்கள். சனிக்கிழமைகளில் அங்கே கல்யாண ஜோடிகள் படம் எடுக்கிறார்கள். ஒரு தடவை அம்மாவை அழைத்துப் போனேன். கட்டையில் கால் வைத்து ஐந்தாறு எட்டு நடந்தார். “ரயில்ல போகையில இவ்வளவு காடா தெரியலையே” என்றார். பிறகு, “சரி, சிங்கப்பூருக்குப் போவோம்” என்றார். தேக்காவுக்குப் போனோம்.

அந்தப் போக்கு எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். நான் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் இங்கே இருக்கிறேன். தேக்காவுக்கு மாதம் நான்கு தடவை போகிறேன், கறிவேப்பிலைக்கு, முடி வெட்ட, காரணமே இல்லாமல். நினைத்தபோது போக முடிகிற இடத்தில் எதையும் முழுசாகப் பார்ப்பதில்லை, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று பாதியில் பஸ் ஏறிவிடுகிறேன். அம்மாவோ ஒரே பகலில் ஒரு தெருவை வருடத்துக்குத் தேவையான அளவுக்குப் பார்த்துவிட்டு, இரவு ரயிலில் மடியில் மூட்டையோடு உட்கார்ந்து, எந்தக் கடையில் எந்த நிறம், எவன் எவ்வளவு சொன்னான், எவ்வளவுக்கு இறங்கினான் என்று குளுவாங் வரை அப்பாவிடம் ஒப்பித்துக்கொண்டு வருவார். அப்பா கூலாயிலேயே தூங்கியிருப்பார். மறுநாள் விடியுமுன் இருவரும் பெரட்டில் நிற்பார்கள்.

இப்போது அம்மாவுக்கு முட்டி வலி. பாலம் தாண்டுவதில்லை. உட்லண்ட்ஸுக்கும் ஜோகூர் பாருவுக்கும் இடையே 2015-லிருந்து ஓடும் குட்டி ரயில் ஐந்து நிமிடத்தில் கொண்டுபோய் விடுகிறது. அங்கிருந்து ஐந்து ரிங்கிட், இங்கிருந்து ஐந்து வெள்ளி, பழைய பழக்கத்தை அது விடவில்லை. தீபாவளிக்கு முந்தின வாரம் நான் மட்டும் அதில் போய், ஜோகூர் பாருவில் மாறி குளுவாங் போகிறேன். தோட்டம் செம்பனையாகிவிட்டது, லயம் இல்லை. அம்மா தம்பியோடு தாமானில், அதாவது குடியிருப்புப் பேட்டையில், ஒரு வீட்டில் இருக்கிறார். போகுமுன் போனில் பட்டியல் வரும். எல்லாம் குளுவாங்கிலேயே கிடைக்கிற சாமான். கடைசியில், “உனக்குத் தோணினா ஒரு சேலை.”

போன வருடம் அரக்குச் சேலை எடுத்துப் போனேன். மடியில் விரித்து, கரையை விரலால் நீவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “எவ்வளவு?”

“அறுபது வெள்ளி.”

வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் போகிறது இப்போது. ஏறக்குறைய இருநூறு என்று சொன்னால் அந்தச் சேலை பீரோவை விட்டு வெளியே வராது. எந்த வெள்ளி என்று அம்மா கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவர் மறுபடி ஒரு தடவை கரையை நீவினார்.

“அம்பத்தஞ்சுக்கு முடிச்சிருக்கலாம். நீ கேட்டிருக்க மாட்ட.”